பதினோராம் கட்டில்

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 140க்கு இறங்கியிருக்கிறது. மாடித் தொட்டியை ஒருவழியாக மாற்றியாச்சு. நைட் டூட்டி முடிந்து வந்து டீயை மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதே. இரண்டு இட்லியாவது சாப்பிடு.

நீ பேசிப் பதினெட்டு நாளாகிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. ஜெர்மன் வகுப்பு அது இதென்று சித்தி மகள் ஏதோ சொன்னாள். அவள் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் போகட்டும், தப்பே இல்லை. ஆனால் பி.எஸ்ஸி.க்கு மேல் நீ படிக்கிற இந்த இரண்டு வருஷ ஐ.சி.யூ. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் பதினாலு மாதம் ஓடிவிட்டது, முடித்துவிட்டுப் போகலாம்தானே? வளையலை மீட்கிற கதையை நான் எடுக்கவில்லை.

"நர்ஸ் பிராக்டிஷனர்னு படிச்சு முடிச்சாலும் அந்தப் பேர்ல போஸ்ட் கிடையாதும்மா, திரும்பவும் ஸ்டாஃப் நர்ஸ்தான்" என்று பொங்கலுக்குச் சொன்னாய். நியாயம்தான். கோர்ஸ் வந்துவிட்டது, அதற்கான பதவி, கேடர், வரவில்லை. நம் தொழிலில் எது நேரத்துக்கு வந்திருக்கிறது? வேலூரில் 1946லேயே பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கிவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து நான் டிப்ளமோ சேர்ந்தபோது, நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு டிகிரி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏபிஜி என்கிற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து, டாக்டர்கள் முன்பே எழுதிவைத்த ஸ்டாண்டிங் ஆர்டர்படி வென்டிலேட்டர் அளவை மாற்றுகிறாய் என்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தும் சொன்னேன். படிப்பை முடித்துவிடு.

டிகிரிக்காரிகளுக்கு ஊசி போடத் தெரியுமா என்று வார்டில் நானும்தான் பேசியிருக்கிறேன். உன் முகத்துக்கு நேரேயும் பேசியிருக்கிறேன். முதல் வருஷ லீவில் வந்தபோது, தூங்குகிற அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினாயே. "22 ஆனாலே உஷாராகணும்மா" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை.

1994. நைட். நாற்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி. டி.பி.ஆர். சார்ட்டில் நாடியும் ஜுரமும் பார்த்துத்தான் எழுதுவோம். மூச்சுக்கு மட்டும் எண்ணாமலே எல்லாருக்கும் 20. மூத்த சிஸ்டர்கள் அப்படித்தான் எழுதினார்கள், நாங்களும் எழுதினோம். பதினோராம் கட்டிலில் காலில் புண்ணோடு வந்த பெண், உன் இப்போதைய வயது. ஜுரம் பெரிதாக இல்லை. அவள் அம்மா எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டே இருந்தாள். புழுக்கம் என்று நினைத்துக் கடந்து போனேன். விடிகிறபோது அவள் இல்லை. சார்ட்டில் 20, பக்கத்தில் என் கையெழுத்து. யாரும் என்னைக் கேட்கவில்லை. எண்ணியிருந்தால் முப்பதைத் தாண்டியிருக்கும். அந்த நெஞ்சு ஏறி இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

தேங்காய் எண்ணெயும் பருப்புப் பொடியும் கூரியரில் போட்டிருக்கிறேன். ஞாயிறு ஆஃப் என்றால் கூப்பிடு. ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டுமென்றாலும் கூப்பிடு.

அம்மா