முட்டுச்சந்துகளாக வளரும் நகரம்

ஆசிரியருக்கு,

நகரம் விரிவதைப் பற்றிப் பேசும்போது பரப்பளவையும் மக்கள்தொகையையும் சொல்கிறோம். தெருக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டை இடித்துக் கட்டலாம், கடை கைமாறும். தெருவின் தடம் மட்டும் லேசில் மாறாது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1811-ல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு வகுத்த திட்டத்தில்தான் இன்றும் பெரும்பாலான தெருக்கள் ஓடுகின்றன.

பழைய பகுதிகளில் ஒரு வழி அடைபட்டால் அடுத்த தெருவில் புகுந்து போய்விடலாம். புறநகரிலோ மனை போடுபவர் ஒவ்வொருவரும் தன் நிலத்துக்குள் மட்டும் தெரு போட்டு, எல்லையில் சுவர் எழுப்பி, ஒரே ஒரு வாசலைப் பிரதான சாலையில் திறந்துவிடுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் போக வேண்டும். அப்புறம் எங்கே நடப்பது? வண்டிதான். எல்லா வண்டியும் அதே சாலையில் வந்து விழுகிறது. உடனே, சாலையை அகலப்படுத்து என்று கோரிக்கை!

முட்டுச்சந்தில் இரைச்சல் குறைவு, பிள்ளைகள் விளையாடலாம் என்பார்கள். உண்மைதான். சரி, காருக்கு அடைத்துக்கொள்ளுங்கள். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரு சந்தாவது விடலாமே. நெதர்லாந்தின் ஹௌட்டன் நகரத்தில் பகுதி விட்டுப் பகுதி போக கார்தான் வட்டச்சாலையைச் சுற்ற வேண்டும், சைக்கிள் நேராகப் போகும்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே பக்கத்து நிலத்தின் தெருவோடு இணைக்கச் சொல்லி நிபந்தனை விதிக்க வேண்டும். வீடுகள் வந்தபின் நான்கடிச் சந்துக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

— ஒரு வாசகர்