சான் கிரிகோரியோ தெ போலங்கோ ஊர்க்காரர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி

உருகுவேயில் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் துராஸ்னோ மாவட்டக் கரையிலும் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவர் ஸ்பானிஷில் எழுதிய கடிதம் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். விவரமெல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் நான் சொல்ல நினைத்தது முழுதும் இல்லை. மனசுவிட்டு எழுத எனக்குத் தமிழில்தான் வரும். அதோடு, ஐ.டி. வேலைக்காக மான்டிவிடியோ வந்து குடியிருக்கும் நம்மவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கும் உங்களைப் பற்றித் தெரிய வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. உங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டீர்கள், அதற்கு முன்னும் பின்னும் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எங்கள் பையனுக்கு மூச்சுத்திணறல் வந்தது பண்ணை மேஸ்திரிக்குத் தெரியாது. மருந்துக்கடைக்கார அம்மாவுக்கு நாங்கள் அந்த ஊருக்கு வந்து சேர்ந்ததே எப்படி என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் தமிழ் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. உருகுவேயில் மக்கள் சுமார் 34 லட்சம், மாடுகளோ ஒரு கோடியைத் தாண்டும், தலைக்கு மூன்றுக்கும் மேல் வரும். தக்குவரெம்போ மாவட்டம் அந்த மாட்டு நாட்டின் நடுப்பகுதி. அதன் தெற்கு ஓரத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டில் சான் கிரிகோரியோ இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மூவாயிரத்து நானூறு பேர் சொச்சம். ஈஸ்டர் வாரத்தை இந்த நாட்டில் அதிகாரபூர்வமாகவே ‘சுற்றுலா வாரம்’ என்றுதான் சொல்கிறார்கள், நூறு வருடத்துக்கு மேலாக அப்படித்தான், அரசும் மதமும் தனித்தனி என்பதில் அவ்வளவு கறார். அந்த வாரத்தில்தான் நான், கணவர், எட்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் நாலு பேரும் காரில் கிளம்பினோம்.

துராஸ்னோ பக்கமாக வந்தால் ஊருக்குள் போகப் பாலம் கிடையாது. கார், லாரி, குதிரை எல்லாம் ‘பால்சா’ என்கிற தட்டையான மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். நாங்கள் துறைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது, பால்சாவை நிறுத்திவிட்டார்கள். பால்சாக்காரரே, நீங்கள் மழையில் நனைந்துகொண்டு கார் கண்ணாடி அருகில் வந்து, இன்றைக்கு இனி ஓடாது, பாசோ தெ லோஸ் தோரோஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம், ஆனால் இந்த மழையில் பெரியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு மண் ரோட்டில் போக வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டுப் போய்விடாமல் யாருக்கோ போன் செய்தீர்கள். அந்த ஒரு போனுக்கு எங்கள் முதல் நன்றி.

கொஞ்ச நேரத்தில் பிக்கப் வண்டியில் வந்து நின்றவர் பக்கத்துப் பண்ணையின் மேஸ்திரி. தலையில் பெரெட் தொப்பி, முழங்கால்வரை சேறு. நாங்கள் யார், எந்த நாடு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னாலேயே வாருங்கள், கேட்டை நான் திறக்கிறேன், நீங்கள் வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்றார். ஒவ்வொரு கேட்டுக்கும் மழையில் அவரே இறங்கி, திறந்து, நாங்கள் கடந்ததும் மூடிவிட்டு, மறுபடி முன்னால் போனார். மாட்டுப் பண்ணையில் திறந்த கேட்டை மூடாமல் போகக் கூடாது, ஒரு மந்தை இன்னொரு மந்தையோடு கலந்துவிட்டால் பிரிக்க ஒரு நாள் வேலை என்று மறுநாள் விளக்கினார்.

மேஸ்திரியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா, மழை பெய்தால் உங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு தோர்த்தா ஃப்ரீத்தா போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டுப் பொரித்தெடுப்பது. பிசைவதற்கும் மாட்டுக் கொழுப்பு, பொரிப்பதற்கும் மாட்டுக் கொழுப்பு, அதுதான் முறை. என் மாமியார் சுத்த சைவம். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. பிசைந்து வைத்த மாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதிதாக மாவை அள்ளி, சூரியகாந்தி எண்ணெய் விட்டுப் பிசைந்தீர்கள். கொழுப்பு பட்ட சட்டி வேண்டாம் என்று அலமாரியின் அடியிலிருந்து வேறு ஒரு சட்டியை எடுத்துத் தேய்த்துக் கழுவினீர்கள். அந்தச் சட்டியை என் மாமியாரிடம் காட்டி, சரியா என்று கண்ணாலேயே கேட்டீர்கள். மாட்டை வைத்தே பிழைக்கும் ஒரு வீட்டில், மாட்டிறைச்சி சாப்பிடாத ஒரு பெரியவருக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாமியார் இப்போது திருநெல்வேலியில் இருக்கிறார், மழை வந்த அன்று எண்ணெயை வைத்துவிட்டு உங்களைப் பற்றித்தான் பேசினாராம்.

காலையில் காற்று அடங்கும்வரை மேஸ்திரி என் மகனைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹியர்ஃபோர்டு இனம், சிவந்த உடம்பு, வெள்ளை முகம். ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் அட்டை, இன்னொரு காதில் மின்னணுப் பொத்தான். 2006-லிருந்து நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் இது கட்டாயம், எந்தப் பண்ணையில் பிறந்தது, எங்கே விற்றார்கள், எங்கெங்கே போனது என்று எல்லாம் அந்த எண்ணில் பதிவாகும். என் மகன் ஒரு கன்றின் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டான், அழித்துவிடாமல் குளிக்க வேண்டும் என்று அடம்.

அப்புறம் குதிரைக்குச் சேணம் கட்டிக் காட்டினார். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் முதுகில் தடித்த துணி, சுருக்கம் இருந்தால் குதிரைக்குப் புண்ணாகும் என்று உள்ளங்கையால் இரண்டு தடவை நீவிவிட்டார். அதன் மேல் அகலமான தோல். அதற்கு மேல் உட்காரும் திண்டு. வயிற்றைச் சுற்றிப் பட்டையை இறுக்கி, குதிரை மூச்சை விடும்வரை காத்திருந்து மறுபடி ஒரு இழுப்பு. கடைசியாக மேலே கம்பளி ரோமத்தோடு ஆட்டுத்தோல். பையனைத் தூக்கி அதில் உட்காரவைத்து, கயிற்றைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடந்தார். அவருடைய வேலை அத்தனையும் காத்துக்கொண்டிருந்த காலை அது. அவசரம் எதையும் அவர் எங்களிடம் காட்டவில்லை.

கரையில் பால்சாவுக்காக நின்றபோது, எதிரே கடல்போல் விரிந்து கிடந்த தண்ணீரைக் காட்டி இது ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலம் என்றார். ரின்கோன் தெல் போனேதே அணையைச் சொல்கிறார். 1937-ல் ஜெர்மன் கம்பெனிகள் கட்ட ஆரம்பித்தன, உலகப்போர் வந்ததும் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வருவது நின்றது, அமெரிக்க இயந்திரங்களை வைத்து முடித்து 1945-ல் மின்சாரம் எடுத்தார்கள். ஆறு ஏரியாகி, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் நிலம் மூழ்கியது. தன் தாத்தா மாடு மேய்த்த இடம் எது என்று கையை நீட்டிக் காட்டினார். 1959 வெள்ளத்தில் அணையையே தண்ணீர் தாண்டியதையும், கீழே பாசோ தெ லோஸ் தோரோஸ் ஊரையே காலிசெய்து மக்களை ஏற்றிக்கொண்டு போனதையும் அவர் சொல்லித்தான் கேட்டேன். பால்சாவை நிறுத்துகிறோம் என்றால் அங்கே யாரும் ஏன் வாக்குவாதம் செய்வதில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

சரி, மேஸ்திரி ஐயா, நீங்கள் அறியாத பகுதி இதற்குப் பிறகுதான். ஊருக்குள் வாடகை வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு இரவு மகனுக்கு ஆஸ்துமா ஏறிவிட்டது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. விலா எலும்பு உள்ளே இழுத்தது, பேச்சு வரவில்லை. வீட்டுக்காரப் பாட்டி கதவைத் தட்டிய சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து வந்தான், இருபது வயதுதான் இருக்கும், வழி தெரியாமல் நீங்கள் தேட வேண்டாம் என்று எங்கள் காரை அவனே ஓட்டினான். தம்பி, அன்றைக்கு நீ செருப்புகூடப் போடவில்லை. நான் அதைக் கவனித்தேன், அப்போது சொல்ல முடியவில்லை.

ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அம்மா, உங்களுக்கு என்ன சொல்வது. எங்கள் கையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பையனின் முகத்தில் நெபுலைசர் வைத்துவிட்டீர்கள். டாக்டர் வரும்வரை விரலில் மாட்டிய கருவியின் எண்ணை ஒவ்வொரு தடவையும் எனக்குத் திருப்பிக் காட்டினீர்கள், நான் பார்க்க வேண்டும் என்று. எண் ஏற ஏறத்தான் எனக்கும் மூச்சு வந்தது. டாக்டர் நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாக, என் கணவருக்குப் புரியும்வரை சொன்னார். விடிந்ததும் மருந்து நேரத்தை நீங்கள் ஒரு தாளில் எழுதித் தந்தீர்கள். மாமியாருக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று கண்டுகொண்டு, காலை வேளைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, எத்தனை தடவை அழுத்த வேண்டுமோ அத்தனை புள்ளி என்று படமாக வரைந்து கொடுத்தீர்கள். அந்தத் தாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

மருந்துக்கடைக்கார அம்மா நள்ளிரவில் கடையைத் திறந்தார், அதுவும் நாங்கள் போய்க் கேட்டு அல்ல, நர்ஸ் போனில் சொன்னதும். இன்ஹேலரோடு சேர்த்து, குழந்தைகளுக்கு வைக்கும் பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தார். காசு நாளைக்குத் தரலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பையன் வேகமாக ஓடக் கூடாது, மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னது எப்படியோ ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் காதுக்கு எட்டியது. மறுநாள் காலை வாசலில் வந்து நிற்கிறார், தோளிடுக்கில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே (இங்கே எல்லோரும் குடிக்கும் மூலிகைத் தேநீர்) குடுவை, பையனுக்கு ஒரு வரைபட நோட்டு. ஊரே ஒரு திறந்தவெளி ஓவியக்கூடம் என்பது அவரோடு நடந்தபோதுதான் முழுதாகத் தெரிந்தது. 1993-ல் ஓவியர்கள் வந்தபோது வீட்டுக்காரர்கள் தங்கள் சொந்தச் சுவரைக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து தெருவுக்குத் தெரு சுவரோவியம். டீச்சர் ஒவ்வொரு சுவருக்கு எதிரிலும் பையனை உட்காரவைத்து, பிடித்ததை வரை என்றார். உட்கார்ந்து உட்கார்ந்து போனதால் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை, தனக்கு உடம்பு சரியில்லை என்பதும் அவனுக்கு மறந்துபோனது. ஒரு டீச்சருக்குத்தான் இந்த யோசனை வரும் என்று நினைக்கிறேன்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். ரொட்டி வாங்கப் போனபோதெல்லாம் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்ட பேக்கரிக்காரர், தூண்டிலை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த மீன்பிடிக்கிற தாத்தா, திரும்பும்போது எங்களை வரிசையில் முன்னால் விட்ட கால்நடை லாரிக்காரர். பேர் தெரியாதவர்கள்தான் அதிகம்.

இப்போது மகன் நன்றாக இருக்கிறான். இங்கே நுரையீரல் மருத்துவரிடம் காட்டினோம், அந்த இரவு கொடுத்த சிகிச்சை சரியானது, நேரத்துக்குக் கிடைத்தது என்றார். தினமும் போடுகிற மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், பள்ளியில் ஃபுட்பாலும் ஆடுகிறான். நர்ஸ் அம்மாவுக்கும் டாக்டருக்கும் இது கட்டாயம் போய்ச் சேர வேண்டிய செய்தி. டீச்சருக்கு அவன் வரைந்த நோட்டின் பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அக்காவுக்கு மாமியார் கையால் பின்னிய ஒரு மேஜை விரிப்பும், எண்ணெயில் பொரித்த முறுக்கும் அடுத்த பேருந்தில் வருகின்றன.

உங்கள் ஊரிலிருந்து பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு மான்டிவிடியோ வருவார்கள், பெரிய ஆஸ்பத்திரி வேலையாகப் பெரியவர்கள் வருவார்கள். எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது. தங்க இடம் தேட வேண்டாம். விலாசமும் போன் நம்பரும் நர்ஸ் அம்மாவிடமும் டீச்சரிடமும் இருக்கின்றன. எந்தப் பேருந்து என்று மட்டும் சொன்னால் போதும், த்ரெஸ் க்ரூசேஸ் நிலையத்துக்கு நாங்களே வந்து அழைத்துக்கொள்கிறோம், இரவு எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
மழையில் வந்து நின்ற அந்தக் குடும்பம்,
மான்டிவிடியோ