ஃபயர்வாலுக்குப் பெயர் தெரியாது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இனி வீட்டிலிருந்தே வேலை என்பது நல்ல சேதிதான். வேலை நேரத்தில் கையை இழுக்கும் தளங்களை விண்டோஸ் ஃபயர்வாலில் (கணினிக்கு வரும், போகும் இணைப்புகளைக் காவல் காக்கும் மென்பொருள்) தடுத்தாய், ஆனால் ஒன்று இன்னும் திறக்கிறது. இன்னொன்றைத் தடுக்கப்போய் சம்பந்தமில்லாத வேறு தளங்கள் நின்றுபோயின என்று புலம்பியிருக்கிறாய். இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றேதான். ஃபயர்வாலுக்குத் தளத்தின் பெயர் தெரியாது, இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபி எண்தான் தெரியும்.

பிரவுசரில் பெயரை அடித்ததும் டிஎன்எஸ் என்ற பெயர்ப்பட்டியல் சேவை அதற்கான எண்ணைத் தருகிறது. ஃபயர்வால் விதி சரிபார்ப்பது அந்த எண்ணை மட்டும். பெரிய தளங்களுக்கு எண்கள் ஏராளம், மாறிக்கொண்டும் இருக்கும். இன்று என்எஸ்லுக்கப் (பெயருக்கான எண்ணைக் கேட்கும் கட்டளை) காட்டிய எண்ணைத் தடுத்தால் நாளை வேறு எண்ணில் வந்து நிற்கும். சின்னத் தளங்களோ பெரும்பாலும் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவைக்குப் பின்னால், ஒரே எண்ணைப் பல தளங்கள் பகிர்ந்துகொண்டு இருக்கும். அந்த எண்ணைத் தடுப்பது, ஒரு குடித்தனக்காரரை நிறுத்த அடுக்குமாடியின் கேட்டையே பூட்டுவதுபோல. உனக்கு நடந்தது அதுதான்.

நிலையான ஐபி உள்ள சர்வர் என்றால் ஃபயர்வால் விதி போதும். ரன் பெட்டியில் டபிள்யூஎஃப் டாட் எம்எஸ்சி (wf.msc) என்று அடித்து, அவுட்பவுண்ட் ரூல்ஸில் புது விதி தொடங்கு. இன்பவுண்டில் போட்டால் பயனில்லை. நீ தொடங்கிய இணைப்புக்கு வரும் பதிலை ஃபயர்வால் தானாகவே உள்ளே விட்டுவிடும். விதி வகை கஸ்டம், புரோகிராம் எல்லாமும், புரோட்டோகால் எனி. டிசிபி முறையின் 443 போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) மட்டும் தடுத்தால் பிரவுசர் யுடிபி 443 வழியே குயிக் என்ற இன்னொரு முறையில் போய்விடும், அதனால்தான் எனி. ஸ்கோப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். மேலே இருப்பது உன் கணினியின் எண்ணுக்கு. தளத்தின் எண் போகவேண்டியது கீழே, ரிமோட் பெட்டியில். அவசரத்தில் பலரும் மேலேயே போட்டுவிட்டு விதி வேலை செய்யவில்லை என்பார்கள். புதுவகை ஐபியான ஐபிவி6 எண்ணும் இருந்தால் அதையும் சேர். இல்லையென்றால் பிரவுசர் அந்தப் பக்கமாக நுழைந்துவிடும். கடைசியில் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்று ப்ரொஃபைலும் டிக் ஆகியிருக்கட்டும்.

நீ சொன்ன தளங்களுக்கு இது ஒத்துவராது. பெயரைத் தடுக்கவேண்டும், அதற்கு எளிய இடம், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன்பே கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதிலிருந்து கோப்பைத் திற. வரிக்கு ஒன்றாக முதலில் 0.0.0.0, ஓர் இடைவெளி, பிறகு தளத்தின் பெயர். 127.0.0.1 போடலாம் என்றும் சொல்வார்கள், ஆனால் அது உன் கணினியையே போய்த் தட்டும், 0.0.0.0 அங்கேயே முடிந்துவிடும். ஐபிவி6-க்காக அதே பெயரை முக்காற்புள்ளி இரண்டு, அதாவது :: போட்டு இன்னொரு வரியும் எழுதிவிடு.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. பெயருக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் முன்னொட்டு எழுதக்கூடாது. நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப்பெயரையும் ஒரேயடியாகத் தடுக்க ஹோஸ்ட்ஸில் வழியில்லை; டபிள்யூ மூன்று உள்ளது, இல்லாதது, மொபைல் பெயர் என ஒவ்வொன்றும் தனி வரி. புதுப் பெயரில் சேமித்தால் நோட்பேட் டிஎக்ஸ்டி ஒட்டிவிடக்கூடும்; ஹோஸ்ட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் எந்த நீட்சியும் இருக்கக்கூடாது. பிறகு கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, /, ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) ஓட்டு. அதோடு பிரவுசரை முழுவதும் மூடித் திற. ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் இணைப்பு அப்போதுதான் விடும். பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டு ‘வேலை செய்யலே’ என்று முடிவு கட்டாதே.

வீட்டில் எல்லாக் கருவிக்கும் வேண்டுமானால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில்தான் போடவேண்டும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் மென்பொருள் உள்ள ரவுட்டரில் ஒரு வரியிலேயே பெயரும் அதன் துணைப்பெயர்களும் அடங்கும். ஹோஸ்ட்ஸைவிட எனக்கு இதுவே பிடிக்கும். இங்கே ஓட்டை எதுவென்றால், பிரவுசரின் செக்யூர் டிஎன்எஸ். அது பெயருக்கான எண்ணை 443 வழியே வெளியே கேட்டுவிடும், ரவுட்டரைக் கண்டுகொள்ளாது. அதைப் பிரவுசர் அமைப்பில் நிறுத்து. ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் பெரும்பாலும் 853 போர்ட்டில் போவதால், ரவுட்டரில் அந்தப் போர்ட்டை மூடலாம். சாதாரண டிஎன்எஸ்ஸின் 53 போர்ட் கேள்விகள் ரவுட்டரைத் தவிர வேறு எங்கும் போகாதபடியும் விதி போடலாம். ஃபயர்வால் உண்மையில் பயன்படுவது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

ஹோஸ்ட்ஸ் விஷயத்தில் அவ்வளவு பயமில்லை. செக்யூர் டிஎன்எஸ் ஆன் ஆகியிருந்தாலும் குரோமும் ஃபயர்பாக்ஸும் ஹோஸ்ட்ஸை வழக்கமாக முதலில் பார்க்கும். இணைப்பை வேறொரு சர்வர் வழியே அனுப்பும் விபிஎன் நீட்சியோ பிராக்ஸி நீட்சியோ பிரவுசரில் இருந்தால் கதை வேறு. பெயரைத் தேடுவது அந்தப் பக்கத்துச் சர்வர், உன் கணினிக்கு ஹோஸ்ட்ஸைப் பார்க்கும் வேலையே இல்லை. ஃபயர்வாலுக்கும் அந்தச் சர்வரின் எண் மட்டும்தான் தெரியும்.

அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் வைத்துக்கொள், அட்மின் கடவுச்சொல் உன் மனைவியிடம் இருக்கட்டும். விதியும் ஹோஸ்ட்ஸும் கையெட்டும் தூரத்தில் இருந்தால், அலுப்பான மதியத்தில் நீயே ஒரு நிமிடத்தில் கழற்றிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா!

போட்டுப் பார். இன்னும் எந்தத் தளமாவது திறந்தால், அதன் பெயருக்கு என்எஸ்லுக்கப் தரும் பதிலையும், பிங் கட்டளை எந்த எண்ணைக் காட்டுகிறது என்பதையும் சேர்த்து எழுது. என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸைப் பார்க்காது, பிங் பார்க்கும். பிங் 0.0.0.0 அல்லது :: பக்கம் போயும் தளம் திறந்தால் பிரவுசரில்தான் தேடவேண்டும்.

அன்புடன்,
ராமு