நீ அனுப்பின வசனத்துக்கு பதில்

அடியே,

உன் மெசேஜ் வந்துச்சு, உடனே பதில் போட முடியல. இங்க பர்மாவுல கரண்ட் வர்ற நேரத்துலதான் மோட்டார் போட்டு தண்ணி ஏத்தணும், சோறு வைக்கணும், போன் சார்ஜ் போடணும், எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கு? மெட்ராஸ் வெயில்ல ரொம்ப அலையாத.

பைபிள்ல எரேமியா 29:11 அனுப்பியிருந்த, உங்க மேல நான் வச்சிருக்கிற நினைவுகள் தீமைக்கில்ல, சமாதானத்துக்கேதுவானதுன்னு கர்த்தர் சொல்ற வசனம். கோவிச்சுக்காத, பூ படம் போட்டு அந்த வசனத்தை யார் அனுப்பினாலும் எனக்கு இப்பல்லாம் எரிச்சல்தான் வருது. 2024 பிப்ரவரியில பசங்க பட்டாளத்துல சேரணும்னு சட்டத்தை அமலுக்கு கொண்டு வந்தாங்களே, அதுக்கப்புறம் தாய்லாந்து போன சின்னவன் இன்னும் திரும்பல. போன மார்ச் மாசம் ஒரு வருஷம் ஆச்சு பூமி அதிர்ச்சி வந்து, 2025 மார்ச் 28, 7.7 அளவு, மண்டலேல எங்க வீட்டுக்காரர் பக்கத்து சொந்தக்காரங்க வீடு அப்படியே உக்காந்துடுச்சு. இதுக்கு நடுவுல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு படிச்சா என்ன தோணும் சொல்லு.

ஆனா எரிச்சலோடவே முந்தின அதிகாரத்துல இருந்து உக்காந்து படிச்சேன்டி. அதுவும் லெட்டர்தான்! எருசலேம்ல இருக்கிற எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டு போகப்பட்டவங்களுக்கு எழுதினது. அதுக்கு முன்னாடி அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு சொல்லி ஜனங்களை குஷிப்படுத்துறான். எரேமியா என்னடான்னா எழுபது வருஷம்கிறார், நீ அனுப்பின வசனத்துக்கு நேர் மேல, பத்தாம் வசனத்துலயே இருக்கு. அதனால வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, புள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணுங்கன்னு சொல்றார். அந்த லெட்டரை படிச்ச பெரியவங்க முக்காவாசி பேர் அங்கயே செத்திருப்பாங்க இல்லையா. யாரும் இதை பூ படத்துல போட மாட்டாங்க.

எனக்கு அதுதான் தெம்பா இருந்துச்சு. இங்கயும் 2021ல ராணுவம் ஆட்சியை பிடிச்சதுல இருந்து அடுத்த வருஷம் சரியாயிடும், அடுத்த வருஷம் சரியாயிடும்னு கேட்டு கேட்டு, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஏமாந்துதான் சலிச்சு போயிட்டோம். அதே எரேமியா 32ல பாரு, பட்டணத்தை பாபிலோன் படை சுத்தி நிக்குது, அவர் காவல்ல கிடக்கிறார், அப்ப போய் சித்தப்பா மகன்கிட்ட 17 சேக்கல் வெள்ளிக்கு தன் சொந்த ஊர் ஆனதோத்துல நிலம் வாங்குறார், பத்திரத்தை மண்பாண்டத்துல போட்டு வைக்க சொல்றார். நம்ம ஆளுங்க இருந்தா பைத்தியம்னு சொல்லியிருப்போம்.

நம்ம ஊருக்கு அமெரிக்காவுல இருந்து வந்த மிஷனரி ஜட்சன் கதையும் அப்படித்தானே. 1813ல ரங்கூன் வந்தவருக்கு முதல் ஞானஸ்நானம் குடுக்க 1819 ஆச்சு. 1824ல அப்ப ராஜா தலைநகரா இருந்த ஆவால ஜெயில்ல போட்டாங்க, அவர் சம்சாரம் மொழிபெயர்ப்பு காகிதத்தை தலகாணிக்குள்ள வச்சு தச்சு குடுத்தாங்க. பர்மிய வேதாகமத்தை முழுசா மொழிபெயர்த்து முடிச்சது 1834ல. இன்னைக்கும் இங்க சபைகள்ல அதைத்தான் படிக்கிறாங்க. சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல இதை கேட்டப்ப தலகாணி மட்டும்தான் மனசுல நின்னுச்சு, நடுவுல எத்தனை வருஷம் போச்சுன்னு யோசிச்சதே இல்ல.

அதனால என்ன பண்றேன்னா, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபை பிள்ளைங்களுக்கு தமிழ் எழுத படிக்க சொல்லிக்குடுக்கிறேன். அதுங்க வீட்டுல பர்மிய பாஷைதான், தமிழ் பாட்டை பர்மிய எழுத்துல எழுதி வச்சு பாடுதுங்க. "இதெல்லாம் எதுக்கு, எப்படியும் வெளிநாடு போயிடும்ங்க"ன்னு பாஸ்டரம்மாவே சொன்னாங்க. போனா போகட்டும், சங்கீதத்தை தமிழ்ல படிச்சுட்டு போகட்டுமே.

சின்னவனை நினைச்சா ராத்திரி தூக்கம் வராது, அதை மறைக்கல. ஜெபம் பண்ணினா பாரம் குறையும்னு சொல்வாங்க, சில நாள் குறையாது, அப்படியே எந்திரிச்சு வேலையை பார்க்கிறேன்.

யாராவது மெட்ராஸ்ல இருந்து வந்தா ஒண்ணாங்கிளாஸ் தமிழ் புஸ்தகம் ஒரு அஞ்சாறு குடுத்து விடு, பெரிய எழுத்து போட்டதா பாரு. அப்புறம் அந்த முழங்கால் தைலம் பேரையும் அனுப்பு, எனக்கும் இப்ப படி ஏற முடியல.