தூண்டில் போடுகிறவர்களுக்கு நாங்கள் விற்ற கண்ணாடி பற்றி

வாடிக்கையாளர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலை எழுத வைத்தவர் ஒரு பரிசல்காரர். பூலாம்பட்டியிலிருந்து பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். சித்திரையில் நம்மிடம் வாங்கிய போலரைஸ்டு கூலிங் கிளாஸை, அதாவது தண்ணீரின் கூச்சத்தை அடக்குகிற கண்ணாடியை, மேசை மேல் வைத்தார். "இதைப் போட்டா ஒரு மணி நேரத்துல தலை வலிக்குதுங்க. கழட்டினா கண்ணு கூசுது. நான் எதைத்தான் பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி அது. முதலில் அவர் கண்ணைத்தான் சந்தேகப்பட்டோம். பரிசோதித்துப் பார்த்ததில் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பில் போடும் கால்குலேட்டரை எடுத்து, அதன் திரைக்கு முன்னால் அந்தக் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகத் திருப்பினோம். ஒரு கோணம் வந்ததும் வலது லென்ஸ் வழியாகப் பார்த்தால் திரை முழுக்கக் கறுத்துவிட்டது. கையை அசைக்காமல் அப்படியே இடது லென்ஸ் வழியாகப் பார்த்தால், எண்கள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன. இடது லென்ஸ் ஃபிரேமுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண்ணுக்குத் தண்ணீரின் கூச்சம் அடங்கும், மறு கண்ணுக்குப் பாதிதான் அடங்கும். இரண்டு கண்ணும் ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பார்த்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

அதே பெட்டியில் மிச்சமிருந்த 19 கண்ணாடிகளையும் அன்று மாலையே கால்குலேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தோம். நாலு அப்படித்தான் இருந்தன. அனுப்பியவர்கள் மேல் பழி போடலாம்தான். ஆனால் விற்கும்முன் பார்த்திருக்க வேண்டியது நாங்கள். பார்க்கவில்லை. ஆகவே சித்திரை, வைகாசியில் நம் கடையில் போலரைஸ்டு கண்ணாடி வாங்கியவர்கள் ஒரு நடை வந்துவிடுங்கள். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. கோளாறு இருந்தால் வேறு தருகிறோம், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

வருவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கால்குலேட்டர் இல்லையென்றால் லேப்டாப் திரை போதும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்து, திரைக்கு முன்னால் சக்கரம் திருப்புவதுபோல் திருப்புங்கள். எந்தக் கோணத்திலும் கறுக்கவில்லை என்றால் அது போலரைஸ்டே இல்லை, வெறும் சாயம் போட்ட பிளாஸ்டிக். இரண்டு லென்ஸும் ஒரே நேரத்தில் கறுத்தால் நல்ல கண்ணாடி. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் எடுத்து வாருங்கள். கடைகளில் ஒரு அட்டை காட்டுவார்கள், கண்ணாடி போட்டால் மட்டும் அதில் மறைந்திருக்கும் மீன் படம் தெரியும். நாங்களும் காட்டுகிறோம். அது போலரைஸ்டா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். லென்ஸ் நேராக இருக்கிறதா, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்குமா என்பதற்கெல்லாம் அந்த அட்டையிடம் பதில் கிடையாது.

இது வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் தேர்வு செய்வது அதில்தான் இருக்கிறது. சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீர் மேல் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிர்கிற ஒளி மட்டுமே திரும்புகிறது. கண்ணைக் குத்துவது அதுதான். லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய ஃபிலிம் சன்னல் கம்பி மாதிரி. சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்திப் பிடித்தால் கம்பிக்கு நடுவே நுழையும், படுக்க வைத்தால் முட்டிக்கொண்டு நிற்கும். படுத்து வரும் ஒளியை ஃபிலிம் நிறுத்திவிடுகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் ஒளி உள்ளே வருகிறது, பாறையும் பாசியும் மீனும் தெரிகின்றன. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் தளவிளைவு என்று பாடமே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். 1808-ல் பாரிசில் மாலுஸ் என்பவர் எதிர் மாளிகையின் சன்னலில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு படிகம் வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்த சங்கதி இது. கால்குலேட்டர் திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே வாட்டில்தான் அதிர்கிறது, அதனால்தான் கண்ணாடியைத் திருப்பினால் கறுக்கிறது. நாங்கள் அதை வைத்துக்கொண்டு செய்ததும் ஏறக்குறைய மாலுஸ் செய்ததேதான், 200 வருஷம் தாமதமாக.

இந்தக் கூச்சம் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு அடங்காது. தண்ணீர் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுக்க அடங்கும். டிகிரி எல்லாம் எதற்கு, கணக்கு சுலபம்: கண் தண்ணீருக்கு மேல் 3 அடி உயரத்தில் இருந்தால் 4 அடி தூரத்தில் தண்ணீர் தெளிவாகத் தெரியும். பரிசலில் உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவுதான், கைக்கெட்டும் தூரம். கரையோரம் நிற்பவருக்குக் கண் உயரம் ஐந்தேகால் அடி என்றால் 7 அடி. பத்தடி உயர ஏரிக்கரை மேல் நிற்பவருக்கு, அவர் உயரமும் சேர்ந்து கண் சுமார் 15 அடியில் இருப்பதால், 20 அடி. அதைத் தாண்டிப் போகப் போக, காலடியில் நேர்கீழே பார்க்கப் பார்க்க, பலன் குறைந்துகொண்டே வரும். பலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏரியின் அக்கரையைப் பார்த்துவிட்டு "ஒன்னும் வித்தியாசமில்லையே" என்கிறார்கள். பக்கத்தில் பாருங்கள். மேடான இடமாகப் பார்த்து நில்லுங்கள். இது ரூபாய் செலவில்லாத யோசனை, விலை உயர்ந்த லென்ஸைவிட அதிக உதவி செய்யும். தலையைச் சாய்த்தாலும் பலன் போய்விடும், படுத்துக்கொண்டு தூண்டில் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

இன்னொன்று. கண்ணாடி கூச்சத்தைத்தான் எடுக்கும், கலங்கலை எடுக்காது. ஆடிப்பெருக்குச் சமயத்தில் காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது எந்தக் கண்ணாடி போட்டாலும் அடியில் ஒன்றும் தெரியாது. மேட்டூர்க்காரர் ஒருவர் சிரிக்காமலே கேட்டார், அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது இதைப் போட்டால் அணைத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை தெரியுமா என்று. தண்ணீர் இறங்கும்வரை நந்திக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அதேபோல் மீன் தெரிந்தாலும் அது தெரிகிற ஆழத்தில் இருக்காது. 3 அடியில் இருப்பதுபோல் தோன்றினால் உண்மையில் 4 அடியில் இருக்கும். தண்ணீரில் ஒளி வளைவதால் வரும் தோற்றம் அது, அதைக் கண்ணாடி சரி செய்யாது. கைவலை போடுகிறவர்கள் கொஞ்சம் கீழே இறக்கிப் போடவும்.

சரி, நிறம். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "நல்லா கறுப்பா குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கறுப்பு வேறு, போலரைஸ்டு வேறு. மேட்டூர் அணையில் நடுப்பகல் வெயிலில், திறந்த வெளித் தண்ணீரில் இருப்பவர்களுக்குச் சாம்பல் நிறம் சரி. நிறங்கள் மாறாமல் தெரியும், கண்ணுக்கு ஓய்வாக இருக்கும். மூக்கனேரி, பனமரத்துப்பட்டி மாதிரி ஆழம் குறைந்த, பச்சை ஓடிய தண்ணீரில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்குச் செம்பு நிறமோ பழுப்போ நல்லது. நீல ஒளியைக் குறைப்பதால் பாசியிலிருந்து மீன் தனியாகப் பிரிந்து தெரியும். ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்குவேன் என்றால் பழுப்பையே வாங்குங்கள் என்பது எங்கள் கட்சி. மேலே நீலமும் பச்சையுமாக மின்னுகிற மெர்குரிப் பூச்சைப் பார்த்து நிறத்தை முடிவு செய்ய வேண்டாம், அது வெளிப்பூச்சு. போட்டுப் பார்த்து உள்ளேயிருந்து என்ன நிறம் தெரிகிறதோ அதுதான் லென்ஸின் நிறம். அந்தப் பூச்சில் கீறலும் சீக்கிரம் விழும்.

எவ்வளவு இருட்டு என்பதற்கு ஒரு எண் உண்டு. காதில் மாட்டும் பக்கத்தின் உள்புறம் சின்னதாக அச்சடித்திருப்பார்கள். 3 என்று இருந்தால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் கண்ணுக்கு வரும், நம் ஊர் வெயிலுக்குப் போதும். 2 என்றால் 18 முதல் 43 சதவீதம் வரும், மேகமூட்டத்துக்கும் மர நிழலுக்கும் ஏற்றது. 4 இன்னும் இருட்டு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. எண்ணே இல்லாத கண்ணாடி என்றால் யோசித்து வாங்குங்கள்.

விடியற்காலையில் வலை எடுக்கிற அண்ணன்மார்களிடம் நாங்கள் கண்ணாடி வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறோம். இருட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பரிசலில் நிற்பது ஆபத்து. எட்டு மணிக்கு மேல் வெயிலுக்கு எதிரே கரை திரும்பும்போது போட்டுக்கொண்டால் போதும்.

ஏற்காடு போகிறவர்கள் மேலே குளிராக இருக்கிறது என்று கண்ணாடியைப் பையில் வைத்துவிடுகிறார்கள். குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. 1000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300-க்கும் கீழே. மேகம் மூடியிருந்தாலும் அதில் ஒரு பங்கு கீழே வந்துகொண்டுதான் இருக்கும். வெயிலிலேயே வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இந்தக் கதிரும் ஒரு காரணம். எனவே "யூவி 400" என்று, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று, குறித்திருப்பதை வாங்குங்கள். அது இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடி போடாமல் இருப்பதைவிட மோசம். இருட்டில் கண்மணி விரிந்து கதிரை உள்ளே அதிகமாக விட்டுவிடும். கடையில் யூவி மீட்டர் இருக்கிறது, எங்கே வாங்கிய கண்ணாடியானாலும் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும், சில்வர் ஓக் நிழலில் கண்ணாடியோடு பள்ளம் தெரியாது. இன்னொன்றும் உண்டு: ஈரமான ரோட்டின் பளபளப்பைப் போலரைஸ்டு கண்ணாடி மறைத்துவிடும், ரோடு காய்ந்திருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஃபிரேம் விஷயத்தில் ஃபேஷனை விடுங்கள். பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் பின்னாலிருந்து வரும் வெயில் லென்ஸின் உள்பக்கத்தில் பட்டு உங்கள் கண்ணையே உங்களுக்குக் காட்டும். முகத்தை ஒட்டி வளைந்த, எடை குறைந்த ஃபிரேம் எடுங்கள். மேலே ஒரு தொப்பி. பின்கழுத்தில் ஒரு கயிறு. தண்ணீரில் விழுந்த கண்ணாடி மிதப்பதில்லை.

பவர் உள்ளவர்கள் உங்கள் பவரிலேயே போலரைஸ்டு லென்ஸ் போடலாம், வளைந்த ஃபிரேமில் அதிக பவர் சரிவராது, அதற்குக் கொஞ்சம் தட்டையான ஃபிரேம் வேண்டும். செலவு வேண்டாமென்றால் இருக்கிற கண்ணாடிக்கு மேலேயே போடும் பெரிய கூலிங் கிளாஸ் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, மீன் அதைப் பற்றிக் கவலைப்படாது. வெள்ளெழுத்து வந்தவர்கள் தூண்டில் நரம்பில் முள் கட்டப் படும் பாடு எங்களுக்குத் தெரியும். பைஃபோக்கலிலும் போலரைஸ்டு போட்டுத் தருகிறோம், நாலைந்து நாள் ஆகும்.

விலை குறைந்த லென்ஸில் ஃபிலிமை இரண்டு பக்கமும் மெல்லிய தகடு வைத்து ஒட்டியிருப்பார்கள். சூடு அதற்கு ஆகாது. கார் டேஷ்போர்டிலோ வண்டி டேங்க் கவரிலோ மத்தியானம் வைத்தால் ஓரத்தில் அடுக்கு பிரிந்து குமிழ் வரும். அதை மட்டும் மாற்றித் தர முடியாது, மன்னிக்கவும். மீன் வழவழப்போடு துண்டால் துடைக்காதீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் அலசி மண் போன பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

கடை காலை 10 முதல் இரவு 8.30 வரை. ஞாயிறு விடுமுறை, ஆனால் இந்த மாற்று வேலைக்காக இந்த மாதம் ஞாயிறு காலை 10 முதல் 1 வரை திறந்திருப்போம். பூலாம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பரிசல்காரரிடமே கொடுத்து அனுப்பலாம், வாரம் ஒருமுறை சேலம் வருகிறார், அவரே ஒத்துக்கொண்டார். அவருக்குப் பழுப்பு லென்ஸில் வேறு கண்ணாடி கொடுத்தோம். போன வாரம் வந்தபோது தலைவலி இல்லை என்றார். வியர்த்தால் மூக்கிலிருந்து வழுக்குகிறதாம். கயிறு கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடையிலிருந்து,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.