மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமராவை நிறுத்தியே வைத்திருந்தாய். நெட்வொர்க் சரியில்லை என்றாய், நானும் நம்பினேன். ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்த முடி. கீழே, "அம்மா, இன்னைக்கு மட்டும் 140 எண்ணினேன்" என்று எழுதியிருந்தாய். நீ தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முடிதானே, போனால் வளரும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அது எப்படி வலிக்கும் என்று தெரியும். 28 வயதில் எனக்கும் இப்படிக் கொட்டியது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கொஞ்சம் பொறு, அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்த எண்ணிக்கை. யாருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். தலையில் இருப்பது ஏறக்குறைய ஒரு லட்சம். மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்தால், மூன்று நாளும் விழாமல் சிக்கிக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து விழும். அதனால் 140 என்ற எண் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தயவுசெய்து இனி எண்ணாதே. ஆனால் முன்பு இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்ட் இப்போது நான்கு சுற்று போகிறது என்றாயே, அதைத்தான் நான் கவனித்தேன். முடிக்கட்டு மெலிந்திருக்கிறது. அதற்குக் காரணம் தேடத்தான் வேண்டும்.

காரணத்தை எங்கே தேடுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை வளரும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கிவிடும். பிறகு சுமார் மூன்று மாதம் வேரில் சும்மா இருந்துவிட்டு உதிரும். எந்த நேரமும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளர்ந்துகொண்டிருக்கும். உடம்புக்குப் பெரிய அடி ஏதாவது விழுந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், தாங்க முடியாத துக்கம், திடீரென்று சாப்பாட்டைக் குறைப்பது, கருத்தடை மாத்திரையை நிறுத்துவது, எது வேண்டுமானாலும் அந்த அடியாக இருக்கலாம். அந்த முடி விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் நாம் காய்ச்சலை மறந்திருப்போம். போன வாரம் மாற்றிய ஷாம்பூ மேலும் குளிக்கிற தண்ணீர் மேலும் பழியைப் போடுவோம்.

நேற்று நம் பழைய மெசேஜ்களையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாய். அது விட்ட கையோடு எடை குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாய். ஆறு வாரத்தில் ஏழு கிலோ குறைந்தது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய், நானும் கைதட்டும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. உடம்புக்குப் புரதமும் சக்தியும் போதாதபோது அது இதயத்தையும் மூளையையும்தான் முதலில் கவனிக்கும். முடி கடைசியில்தான்.

டாக்டர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்கிறார்கள். காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். வேர் அழிவதில்லை, அதனால் முடி திரும்ப வரும். நெற்றி ஓரத்தில் குட்டையாக, அடங்காமல் நிற்கிற புது முடி தெரிகிறதா என்று பார். மெதுவாகத்தான் வரும். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்றால், உன் தோள்வரை இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆனால் காய்ச்சல்தான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு உட்காரக் கூடாது. எனக்கு நடந்தது அதுதான்.

28 வயதில் கொத்துக் கொத்தாக வந்தபோது ஒரு டாக்டரிடம் போனேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு வருடம் என் மனசைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கவலைப்படுவதை நிறுத்தத் தெரியாதவள் என்று அழுதிருக்கிறேன். அப்புறம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. அதற்காகப் போன இடத்தில் வேறொரு டாக்டர், "மாதவிடாய் எத்தனை நாள் இருக்கும்? எவ்வளவு போகும்?" என்று கேட்டார். ஒன்பது நாள், முதல் மூன்று நாள் மணிக்கொரு தடவை மாற்ற வேண்டும் என்றேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், கண்ணு. உடம்பில் இரும்புச் சத்தே இல்லை. ரத்தசோகை. உதிரப்போக்குக்கும் வைத்தியம் பார்த்து, பல மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்ட பிறகு மூச்சு வாங்குவது நின்றது, முடியும் மெல்ல மெல்லத் தேறியது. அந்த ஒரு கேள்வியை யாராவது இரண்டு வருடம் முன்னாலேயே கேட்டிருந்தால் என்று இன்றும் நினைப்பேன். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்: உனக்கு எத்தனை நாள் இருக்கிறது? எவ்வளவு போகிறது? வெட்கப்படாமல் எழுது.

தோல் மருத்துவரிடம் போ. ரத்தப் பரிசோதனை கேள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. அது சரியாக இருக்கும்போதே சேமிப்பில் உள்ள இரும்பு தீர்ந்துபோயிருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்க்கச் சொல். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், கூடினாலும் கொட்டும். முடிவு வருவதற்கு முன் நீயாக இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதே. தேவையில்லாதவர்களுக்கு இரும்பு சேர்ந்தால் அதுவும் கெடுதல். டாக்டரே இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்து விழுங்காதே, உடம்பில் சரியாக ஒட்டாது.

இன்னொன்று. முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா? அது தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தப்பாகக் காட்டிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரைக் கேட்டு நிறுத்து. பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சரியான ஆதாரமும் இல்லை. கலவைச் சத்து மாத்திரைகளில் வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். அலமாரியில் இருக்கிற டப்பாக்களையெல்லாம் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டு. வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதையும் சொல். ஆனால் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடாதே.

உன் மாதவிடாய் 45 நாள், 50 நாள் தள்ளிப்போகிறது என்று போன வருடம் சொன்னாய். தாடையில் முடி வருகிறது, பரு அடங்கவே மாட்டேன் என்கிறது என்றும் சொன்னாய். அன்று தனித்தனிக் குறைகளாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது தலைமுடியோடு சேர்த்துப் பார்த்தால் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்குமோ என்று தோன்றுகிறது. ஆண்களுக்கு அதிகம் சுரக்கிற ஹார்மோன்கள் நமக்கும் கொஞ்சம் உண்டு. அது கூடும்போது முகத்தில் முடி வளரும், தலையில் மெலியும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னால்தான் டாக்டருக்குப் பிடிபடும்.

பரம்பரையாக வருவதும் இருக்கிறது. அதில் கொத்தாக விழாது. வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகும், நெற்றிக் கோடு அநேகமாக அப்படியே இருக்கும். உன் அத்தைக்கு அப்படித்தான். இருபதுகளிலேயே தொடங்கலாம். இதற்கு மினாக்ஸிடில் தடவச் சொல்வார்கள். முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு முடி முளைத்ததைப் பார்த்துத் தலையில் தடவுகிற மருந்தாக்கினார்கள். தொடங்கிய முதல் சில வாரத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் கூடாது. ஹார்மோனை அடக்கும் மாத்திரைகளும் உண்டு, அவற்றில் சில வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். கல்யாணம், குழந்தை பற்றிய உன் யோசனையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

தலையில் காசு அளவு வட்டமாக வழுவழுவென்று ஓர் இடம் தெரிந்தால் அது புழுவெட்டு. புழு எதுவும் கிடையாது, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. அதற்கு ஊசி உண்டு, வேறு மருந்தும் உண்டு. கொட்டுகிற இடத்தில் எரிச்சல், வலி, சீழ் இருந்தாலோ, தோல் பளபளவென்று துளையே தெரியாமல் ஆனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முடி திரும்பாது. இழுத்துக் கட்டும் கொண்டையும் அப்படித்தான், வருடக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றி ஓரம் நிரந்தரமாக ஏறிவிடும். தளர்வாகப் போட்டுக்கொள்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தாய். தேய்க்கலாம், முடித்தண்டு உலராமல், உடையாமல் இருக்கும். இரும்பு இல்லாத உடம்பில் எண்ணெயால் வேரைக் காப்பாற்ற முடியாது. நான் இரண்டு வருடம் தேய்த்துப் பார்த்தவள். கிளினிக்கில் பெரிய தொகைக்குச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைக் காட்டினால், காரணம் தெரியும் முன்னால் கையெழுத்துப் போடாதே. எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும் என்னிடம் ஒரு தடவை கேள்.

ராத்திரிச் சாப்பாட்டை இன்றே தொடங்கு. எடையை அப்புறம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தூக்கம் வராமல் கண்ணாடி முன்னால் நிற்பதாக எழுதியிருந்தாயே, அதையும் டாக்டரிடம் சொல். அல்லது எனக்கு ஃபோன் போடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

மாதம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நடு வகிடு எடுத்து மேலிருந்து ஒரு படம் எடுத்து வை. நாள்தோறும் கண்ணாடியில் பார்த்தால் முன்னேற்றம் தெரியாது, படங்களை ஒப்பிட்டால் தெரியும். முதல் படத்தை இந்த வாரமே எடுத்து எனக்கும் அனுப்பு. பரிசோதனை முடிவையும் சேர்த்து அனுப்பு, டாக்டரைக் கேட்க வேண்டியதை நாம் இரண்டு பேருமாக எழுதி வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா