ஆய்வகத்தில் தொடர்நேர மாதிரிக்கும் இடம் கொடுங்கள்

கருவியியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் துறைகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து, அந்தத் தரவிலிருந்து தொட்டியின் கணித மாதிரியை (மாடல்) உருவாக்கும் பரிசோதனை நம் ஆய்வகங்கள் பலவற்றில் நடக்கிறது. மாணவர் தரவை ஏற்றுகிறார், தனித்தநேர மாதிரி (அளந்த கணங்களின் மதிப்புகளை மட்டும் இணைக்கும் சமன்பாடு) தரும் ஏஆர்எக்ஸ் கட்டளையைக் கொடுக்கிறார், சில எண்கள் வந்து விழுகின்றன. இந்தத் தொட்டியின் டைம் கான்ஸ்டன்ட் (மாற்றத்துக்கு அது எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்பதைக் காட்டும் நேரம்) என்ன என்று வைவாவில் கேட்டால் திகைக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. தனித்தநேர மாதிரியின் கெழுக்களில் தொட்டியின் இயல்போடு, எத்தனை நொடிக்கு ஒருமுறை அளந்தோம் என்பதும் கலந்திருக்கிறது. இடைவெளியை மாற்றினால் அதே தொட்டிக்கு வேறு எண்கள் வரும்.

வேகமாக அளந்தால் சிக்கல் கூடும். 100 நொடி டைம் கான்ஸ்டன்ட் உள்ள ஒரு முதல்படி அமைப்பை 0.1 நொடிக்கு ஒருமுறை அளந்தால், தனித்தநேரத்தில் அதன் துருவம் (ஒவ்வோர் அளவீட்டிலும் முந்தைய மதிப்பில் எஞ்சும் பங்கு) 0.999. மதிப்பீட்டில் அது 0.998 என்று வந்துவிட்டால் டைம் கான்ஸ்டன்ட் 50 நொடியாகிவிடும். மூன்றாம் தசம இடத்தில் ஒன்று பிசகியதற்கு விடையே பாதியாகிறது! நிறைய அளந்தால் தெளிவு கூடும் என்று நம்பிய மாணவருக்கு இதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

தொடர்நேர மாதிரியை, அதாவது நேரத்தைத் தொடர்ச்சியாகக் கொண்ட வகைக்கெழுச் சமன்பாட்டை, தரவிலிருந்து நேரடியாகவே பெற முடியும். இதில் பெரிய தடை வகைக்கெழு. இரைச்சல் கலந்த அளவீட்டை வகையிட்டால் இரைச்சல்தான் பெருகும். பீட்டர் யங், ஜேக்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980இல் வெளியிட்ட எஸ்ஆர்ஐவிசி முறை இதற்கு அழகான வழி காட்டியது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே வடிகட்டியில் செலுத்தி, வடிகட்டிய சமிக்ஞைகளின் வகைக்கெழுக்களைக் கொண்டு மாதிரியை மதிப்பிடுகிறார்கள். கிடைத்த மாதிரியை வைத்தே வடிகட்டியைத் திருத்தி, மறுபடி மதிப்பிடுகிறார்கள். இரைச்சலால் விடை ஒருபக்கம் சாயாதிருக்க, அந்த மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பெற்ற இரைச்சலற்ற வெளியீட்டைத் துணைமாறியாக (அளவீட்டு இரைச்சலோடு தொடர்பில்லாத உதவி மாறி) வைக்கிறார்கள். விடை நேராக கெயினாகவும் (உள்ளீட்டுக்கு வெளியீடு எத்தனை மடங்கு என்பது) டைம் கான்ஸ்டன்டாகவும் வருகிறது. சீரற்ற இடைவெளியில் அளந்த தரவையும் இந்த அணுகுமுறையில் கையாளலாம்.

இதற்கான மென்பொருளும் இருக்கிறது. பிரான்சின் நான்சி நகரில் ஹியூக் கார்னியே குழுவினர் வளர்த்த கான்ட்சிட், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங் குழுவினர் தந்த கேப்டன், இரண்டும் மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் இயங்குபவை. மேட்லாபின் சொந்த சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன் கருவிப்பெட்டியில் உள்ள டிஎஃப்எஸ்ட் கட்டளையும், வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், தொடர்நேர மாதிரியையே தரும். கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பரிசோதனைக் கையேட்டில் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

இத்துறை நமக்குப் புதிதும் அல்ல. காரக்பூர் ஐஐடியில் ஜி. பி. ராவ் இதில் ஆழமாக உழைத்தார். ராவ்–கார்னியே அமைப்பு என்ற நான்காம்படி எடுத்துக்காட்டில் உலகெங்கும் ஆய்வாளர்கள் தங்கள் முறைகளைச் சோதிக்கிறார்கள். நொடிக்கு 2 ரேடியன், 20 ரேடியன் என விலகி நிற்கும் இரண்டு இயல்பு அதிர்வெண்களும் வலப்பாதித் தளத்தில் ஒரு சுழியும் (வெளியீட்டை முதலில் எதிர்த்திசையில் நகர்த்துவது) கொண்ட அது, மாணவர்களுக்கும் நல்ல பயிற்சி.

ஏஆர்எக்ஸை நீக்கச் சொல்லவில்லை. டிஜிட்டல் கட்டுப்படுத்தி வடிவமைக்க அது வேண்டும். ஒரே தரவை இரண்டு முறைகளிலும், இரண்டு சாம்பிளிங் இடைவெளிகளிலும் மதிப்பிட்டு, விடைகளை அலகோடு எழுதும் ஒரு பரிசோதனையைச் சேருங்கள். அளவீடுகளுக்கு நடுவே உள்ளீடு மாறாமல் நிற்கிறதா, நேர்கோட்டில் மாறுகிறதா என்று தேர்வு செய்யும் இடத்தையும் மாணவரே நிரப்பட்டும். தவறான தேர்வு விடையைக் கெடுக்கும். பலர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள்.

மேட்லாப் உரிமம் இல்லாத கல்லூரிகள் பைத்தானில் நம்பை, சைப்பை நூலகங்களைக் கொண்டு எஸ்ஆர்ஐவிசியை எழுதிக்கொள்ளலாம். எளிய அமைப்புகளுக்கு அது நீளமான நிரல் அல்ல. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இதை எடுத்துக்கொள்வீர்களானால், நிரலையும் செய்முறைக் குறிப்பையும் தமிழில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவர்